சட்ட ஆங்கிலத்தை அட்டையில் ஏற்றிய இரண்டேகால் வருடம்

2022 செப்டம்பரில் லண்டனில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். காவல் நிலையம், நீதிமன்றம் போன்ற இடங்களில் ஒருவர் பேசுவதை இன்னொருவருக்கு மொழி மாற்றிச் சொல்லும் வேலைக்கு இங்கே டி.பி.எஸ்.ஐ. என்றொரு பட்டயத் தேர்வு இருக்கிறது. அதில் சட்டப் பிரிவுக்கான வகுப்பு அது. நான் தமிழுக்கு. பக்கத்து இருக்கையில் உக்ரேனிய மொழிக்குப் படிக்க வந்த ஒரு பெண். பொல்தாவா ஊர்க்காரர். போர் தொடங்கிய வருடமே, அந்த மார்ச்சில் பிரிட்டன் அறிவித்த ஹோம்ஸ் ஃபார் யுக்ரேன் திட்டத்தில் வந்தவர். ஊரில் ஒரு நோட்டரி அலுவலகத்தில் பதினொரு வருடம் உதவியாளராக இருந்திருக்கிறார். சட்டம் அவருக்குப் புதிதில்லை, சட்ட ஆங்கிலம்தான் புதிது.

அன்றிலிருந்து 2024 முடியும் வரை நாங்கள் இருவரும் சேர்ந்து அன்கி என்ற மென்பொருளில் சொற்களைப் படித்தோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் தமிழ் அட்டைகளைவிட அவருடைய உக்ரேனிய அட்டைகளைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நான் அதிகம் கற்றுக்கொண்டது அவற்றிலிருந்துதான்.

அன்கி தெரியாதவர்களுக்கு: 2006 முதல் இருக்கும் மென்பொருள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று அட்டை செய்துகொள்ள வேண்டும். நினைவிருந்தால் அந்த அட்டை பல நாள் கழித்துத் திரும்ப வரும், மறந்திருந்தால் உடனே வரும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரே அட்டையில் ஆங்கிலம், சிரிலிக் என்ற உக்ரேனிய எழுத்து, தமிழ் மூன்றையும் எழுதினோம், எழுத்துப் பிரச்சினை ஒன்றும் வரவில்லை.

முதல் இரண்டு மாதம் வீணாகப் போனது. யாரோ செய்து வைத்திருந்த தயார் அட்டைக் கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டோம். சட்ட ஆங்கிலம் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அத்தனையும் அமெரிக்கச் சட்டம். அட்டர்னி (வக்கீல்), ப்ளெய்ன்டிஃப் (வாதி), ஃபெலனி (கடுங்குற்றம்) என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். ஃபெலனி என்ற வகையையே இங்கிலாந்து 1967-இல் சட்டம் போட்டு நீக்கிவிட்டது. ப்ளெய்ன்டிஃப் என்ற சொல்லும் 1999-இல் உரிமையியல் நடைமுறை விதிகள் மாறியபோது போய், க்ளெய்மன்ட் வந்துவிட்டது. வகுப்பில் ஆசிரியர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்தத் தயார் கட்டை அழித்துவிட்டு, நாங்களே அட்டை செய்யத் தொடங்கினோம். இதைப் படிக்கிறவர்கள் அந்த இரண்டு மாதத்தையாவது மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு அடுத்தவர் அட்டை உதவாது.

எந்தச் சொல் கடினம் என்பதில் இருவரும் தவறாகக் கணக்குப் போட்டிருந்தோம். நாட்வித்ஸ்டாண்டிங் (இருந்தபோதிலும்), ஹியரின்ஆஃப்டர் (இனிமேல்) போன்ற நீளமான, பழைய சொற்களைப் பார்த்துத்தான் பயந்தோம். அவை ஒரு வாரத்தில் படிந்துவிட்டன. முகமே தெரியாத சொல் என்பதால் கவனமாக இருக்கிறோம், ஒவ்வொன்றுக்கும் பொருளும் ஒன்றுதான். எங்களை வதைத்ததெல்லாம் தெரிந்த முகத்தோடு வந்த சின்னச் சொற்கள்.

லீவ் என்ற சொல்லைச் சொல்கிறேன். ஒருநாள் அவர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். விரல் நடுங்கியது. லீவ் டு ரிமெய்ன் என்று இருந்த இடத்தைக் காட்டி, "கிளம்பு என்கிறார்களா, இரு என்கிறார்களா?" என்று கேட்டார். லீவ் என்றால் கிளம்புவது, ரிமெய்ன் என்றால் இருப்பது. இரண்டும் ஒரே வரியில். சட்ட ஆங்கிலத்தில் லீவ் என்பதற்கு அனுமதி என்று ஒரு பழைய பொருள் உண்டு. இருக்க அனுமதி, அவ்வளவுதான். நமக்கு அலுவலக லீவு பழக்கம் என்பதால் நான் கொஞ்சம் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன், அந்த லீவும் அனுமதிதானே. அவருக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை. அன்று இரவே அந்தச் சொல்லுக்கு மூன்று அட்டை செய்தோம்.

இன்னொன்று பெயில். அகராதியில் உக்ரேனியச் சொல் ஸஸ்தாவா என்று இருக்கும். அதை அப்படியே அட்டையின் பின்பக்கம் எழுதிவைத்திருந்தார். அடுத்த வாரம் வீட்டில் பயிற்சிக்காக நான் காவல் அதிகாரியாகப் பேசினேன், என் கணவர் கைதானவராக உட்கார்ந்தார். "உங்களைப் பெயிலில் விடுகிறோம்" என்று நான் சொன்னதும் தோழி அதை உக்ரேனியத்தில் மாற்றிச் சொல்லி, பிறகு எங்களுக்கு விளக்கினார்: பணம் கட்டினால் விடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். உக்ரேனியக் குற்றவியல் நடைமுறையில் ஸஸ்தாவா என்றால் பணம்தான், கணக்கில் கட்டவேண்டிய தொகை. உரிமையியல் சட்டத்தில் அதே சொல்லுக்குப் பொருளை ஈடு வைப்பது என்றும் அர்த்தம். இங்கிலாந்தில் பெரும்பாலும் பெயிலுக்குப் பணமே கிடையாது. இன்ன இடத்துக்குப் போகாதே, இன்னாரிடம் பேசாதே, இன்ன தேதிக்கு வா என்று நிபந்தனை போட்டு விடுவார்கள். கையில் காசில்லாத ஒருவரிடம் காவல் நிலையத்தில் இந்தத் தவறைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்ன பாடு பட்டிருப்பார் என்று நினைத்து மூவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

தமிழிலும் இதே சிக்கல் எனக்கு உண்டு. மதுரைக்காரருக்கு ஜாமீன் என்றால் புரியும், யாழ்ப்பாணத்தவருக்குப் பிணை. வக்கீல், வழக்கறிஞர் என்று நான் சொல்வதை அவர்கள் சட்டத்தரணி என்பார்கள். ஒரு அட்டையில் இரண்டையும் எழுதிவைக்காவிட்டால் பாதிப் பேரிடம் தடுமாறவேண்டியதுதான்.

அந்தப் பெயில் நாளுக்குப் பிறகு அட்டை செய்யும் விதத்தையே மாற்றினோம். சொல்லுக்குச் சொல் என்ற அட்டை இனி வேண்டாம் என்று முடிவு. முன்பக்கத்தில் ஒரு முழு ஆங்கில வாக்கியம், நடுவில் ஓர் இடம் காலி. உதாரணமாக, சாட்சியைத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு இன்னார் விடுவிக்கப்பட்டார் என்ற வாக்கியம், பெயில் வரும் இடம் மட்டும் வெறுமை. பின்பக்கத்தில் முதலில் விடை. அடுத்து இங்கே நடைமுறையில் என்ன நடக்கும் என்று ஒரே வரி. மூன்றாவதாக உக்ரேனியச் சொல், அதன் பக்கத்திலேயே "ஆனால் அங்கே பணம்" என்பது போல ஒரு எச்சரிக்கை. அந்த மூன்றாவது வரியில்தான் விஷயமே இருந்தது. அது சேர்ந்த பிறகு அவர் அட்டைகளில் தவறு சட்டென்று குறைந்தது.

உக்ரேனியம் பேசுகிறவருக்கு லத்தீன் வேர்ச்சொற்கள் நிறைய ஒத்துப்போகும். கேட்க வசதியாகத் தோன்றும், ஆனால் ஆபத்தெல்லாம் அங்கேதான். யுரிஸ்த் என்றால் அங்கே சட்டம் படித்தவர் யாராக இருந்தாலும். ஆங்கில ஜூரிஸ்ட் என்பது சட்ட அறிஞர். அட்வொகாத் என்பதை அட்வகேட் என்று சொன்னால் ஸ்காட்லாந்தில் ஒரு பொருள் உண்டு, இங்கிலாந்தில் சொலிசிட்டரா பாரிஸ்டரா, எந்த வகை வக்கீல் என்று கேட்பார்கள். செய்து முடித்த வேலைக்கு இரு தரப்பும் கையெழுத்திடும் தாளுக்கு அங்கே ஆக்த் என்று பெயர். ஆங்கிலத்தில் ஆக்ட் என்றால் நாடாளுமன்றச் சட்டம். பேச்சு வழக்கில் தெக்ரெத் என்றால் மகப்பேறு விடுப்பு, அதை டிக்ரீ என்று ஆக்கினால் நீதிமன்றத் தீர்ப்பாணை ஆகிவிடும். தனி மனிதரைச் சட்டத்தில் ஃபிஸிச்னா ஒசோபா என்பார்கள். அவர் அதை முதலில் ஃபிஸிகல் பர்சன் என்றே எழுதிக்கொண்டிருந்தார். நேச்சுரல் பர்சன் என்று பழக மூன்று மாதம் ஆனது.

நோட்டரி என்ற சொல்லில்தான் அவர் மனசு அதிகம் நொந்தது. உக்ரேனில் வீடு வாங்குவது விற்பது, வாரிசுரிமை எல்லாம் நோட்டரி வழியாகத்தான் நடக்கும். ஒருவர் இறந்துவிட்டால் வாரிசு ஆறு மாதத்துக்குள் சொத்தை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கான கோப்பைத் திறப்பதே நோட்டரிதான். இங்கிலாந்தில் நோட்டரியின் வேலை பெரும்பாலும் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆவணங்களைச் சான்றளிப்பது. வீடு விற்க சொலிசிட்டர், உயிலுக்கு ப்ரொபேட் என்ற ஒப்புதல் நடைமுறை என்று வேறு பாதை. "நான் செய்த வேலைக்கு இங்கே பெயரே இல்லையா" என்றார். அந்த வாரம் ப்ரொபேட், எக்ஸிக்யூட்டர், எஸ்டேட் என்று அவர் செய்த அட்டைகள்தான் எங்கள் தொகுப்பிலேயே சிறந்தவை. தனக்குத் தெரிந்த ஒவ்வொரு படியையும் எடுத்து, இங்கே அதை யார் செய்கிறார்கள் என்று தேடித் தேடி எழுதினார். உக்ரேனியச் சட்டத்துக்கு அவர்கள் நாடாளுமன்றத்தின் இணையதளம், பிரிட்டன் சட்டத்துக்கு அரசின் சட்டத் தளம். இரண்டும் இலவசம். இரண்டு சாளரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் படித்தோம்.

சட்ட ஆங்கிலத்தில் கடமையைக் குறிக்கும் ஷால் என்ற சொல்லும் தொல்லை கொடுத்தது. உக்ரேனிய ஒப்பந்தங்களில் கடமையை நிகழ்காலத்திலேயே எழுதுவார்கள்: வாடகைதாரர் மாதம்தோறும் செலுத்துகிறார், அதாவது செலுத்தியாக வேண்டும். அவர் ஷாலை எதிர்காலம் என்று எடுத்துக்கொண்டு, வாடகைதாரர் என்றாவது கட்டுவார் என்பது போல மொழிபெயர்த்துவிட்டார். இப்போது புதிய பிரிட்டன் சட்டங்களில் ஷால் போய் மஸ்ட் வந்துகொண்டிருக்கிறது, ஆனால் வாடகை ஒப்பந்தங்களில் ஷால் இன்னும் கொடிகட்டிப் பறக்கிறது.

நல் அண்ட் வாய்ட் (செல்லாதது), டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ் (நிபந்தனைகள்) போன்ற இரட்டைச் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டுக்கும் வேறு வேறு பொருள் தேடி அவர் நாட்களைச் செலவழித்தார். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அதன் சட்டத்தில் பிரெஞ்சும் லத்தீனும் ஆங்கிலமும் கலந்து கிடந்தன, அதனால் ஒரே பொருளை இரண்டு சொல்லால் சொல்லும் வழக்கம் படிந்துவிட்டது. நீதிமன்றப் பதிவேடுகள் முழுக்க ஆங்கிலத்துக்கு மாறியதே 1733-இல்தான். இந்தக் கதையைக் கேட்டதும் அவருக்கு நிம்மதி. அதன் பிறகு இரட்டைச் சொல்லை ஒரே அட்டையில், ஒரே பொருளாகப் போட்டோம்.

எவிடன்ஸ் என்ற சொல்லில் இருவரும் சேர்ந்தே தவறினோம். அவர் மொழியில் அது பன்மையாக வரும், நாமும் சாட்சியங்கள் என்கிறோம், ஆகவே எவிடன்சஸ் என்று எழுதிவிடுவோம். டேமேஜ் சேதம், டேமேஜஸ் இழப்பீட்டுத் தொகை என்பதும் அப்படித்தான், ஒரு எழுத்து மறந்தால் பொருளே மாறிவிடும்.

அன்கியில் ஒரு வசதி: ஓர் அட்டையை எட்டு முறை மறந்தால் அது தானாக லீச் என்று குறியிட்டு வைக்கும். தமிழில் அந்த லீச்சும் அட்டைதான், இந்தக் கார்டும் அட்டைதான். ரத்தம் உறிஞ்சும் அட்டை என்றே நான் பெயர் வைத்தேன். மாதக் கடைசியில் இப்படி மாட்டியவற்றை மட்டும் எடுத்து உட்காருவோம். அநேகமாக எல்லாமே நாங்கள் சோம்பலில் வாக்கியம் இல்லாமல் செய்தவை. திரும்ப எழுதினால் சரியாகிவிடும்.

2022 அக்டோபர் 10 முதல் உக்ரேனின் மின்நிலையங்கள் மீது தொடர் தாக்குதல் தொடங்கியது. பொல்தாவாவில் தோழியின் அம்மா இருட்டில் இருந்தார். மூன்று வாரம் தோழி அட்டையைத் தொடவில்லை. திரும்பி வந்தபோது ஐந்நூற்றுச் சொச்சம் காத்திருந்தது. அதைப் பார்த்து மூடிவைத்துவிட்டார். புதிய அட்டை எதையும் சேர்க்காமல், நாளுக்கு நாற்பது மட்டும் என்று நான் வரம்பு போட்டுக் கொடுத்தேன். நவம்பர் நடுவில் கரை சேர்ந்தார். இயல்பு அமைப்பில் நாளுக்கு இருபது புதிய அட்டை வரும். வேலைக்குப் போகிறவர்களுக்கு எட்டு போதும், இது என் அனுபவம். 2023 கடைசியில் வந்த பதிப்பில் அட்டை எப்போது திரும்ப வரவேண்டும் என்று கணக்கிடும் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய முறை சேர்ந்தது. அதை இயக்கிய பிறகு அன்றாடச் சுமை எங்கள் இருவருக்கும் கண்கூடாகக் குறைந்தது.

அட்டை காதுக்குப் பயிற்சி தராது. அதற்காக மாதம் ஒருநாள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் பார்வையாளர் பகுதியில் போய் உட்கார்ந்தோம், யார் வேண்டுமானாலும் போகலாம். மேடையில் மூன்று மாஜிஸ்திரேட்டுகள் இருந்தார்கள். சட்டம் படிக்காத, சம்பளம் வாங்காத சாதாரண மக்கள் என்று தெரிந்ததும் எனக்கே ஆச்சரியம், நம் ஊர் மாஜிஸ்திரேட் வேறு. அங்கே ரிமாண்டட், அட்ஜர்ன்ட் எல்லாம் மின்னல் வேகத்தில் வாயிலிருந்து வந்தன. வெளியே பேருந்து நிறுத்தத்தில் நின்று, நினைவில் நின்றதைக் கைப்பேசியில் அட்டையாக்கினோம். அப்படிச் செய்தவை ஒருபோதும் மறக்கவில்லை.

இருவரும் தேர்வில் தேறினோம், அவர் ஒரு தாளை இரண்டாம் முறை எழுதி. என்னிடம் இப்போது சுமார் ஆயிரத்து முந்நூறு அட்டை, அவரிடம் அதைவிடக் கூடுதல். சில மாதங்களாக அவர் அட்டைகளைத் திருப்பிப் போட்டுப் படிக்கிறார், முன்பக்கம் காலியிடம் இல்லாமல் ஆங்கிலச் சொல்லே இருக்கும், விடை உக்ரேனியத்தில். போன வாரம் வாரிசு என்பதற்குத் தன் மொழிச் சொல் நாக்கில் வராமல் பெனிஃபிஷியரி என்றே வந்ததாம். ஊர் நோட்டரி அலுவலகத்தில் தினமும் தட்டச்சு செய்த சொல் அது. அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிட்டு, ஸ்பத்கொயேமெத்ஸ் என்று எனக்கு மூன்று முறை சொல்லிக் காட்டினார்.