காரைக்குடி டு மதுரை: பெட்ரோல் காரா, மின்சாரக் காரா?

காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் 5 லிட்டர் குடிக்கும். லிட்டருக்குச் சுமார் 9 யூனிட் ஆற்றல் என்றால் மொத்தம் 45 யூனிட். அதில் கால்பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் வெப்பமாக வீணாகிறது. அதே தூரத்துக்கு, அதே அளவுள்ள மின்சாரக் காருக்கு 13 யூனிட் போதும். சார்ஜ் இழப்பைச் சேர்த்தால் வீட்டு மீட்டரில் 15 ஓடும்.

காரைக்குடி செக்காலை ரோட்டு நெரிசலில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். நின்றாலும் பெட்ரோல் எரியும்; மோட்டாரோ சும்மா இருக்கும், பிரேக் பிடித்தால் கொஞ்சம் ஆற்றலைப் பேட்டரிக்கே திருப்பும். ஆனால் நான்குவழிச் சாலையில் 100-ஐத் தாண்டினால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், மளமளவென்று இறங்கும். 80-இல் போங்கள்.

நிலக்கரி மின்சாரம் என்றால் கணக்கே வேறு. அனல்மின் நிலையம் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. 15 யூனிட்டுக்கு 45 யூனிட் நிலக்கரி எரிய வேண்டும். ஆதாயம் அநேகமாகக் கரைந்துவிடும். பகலில் மாடி சோலாரில் சார்ஜ் ஏற்றுவதுதான் உண்மையான மிச்சம்.

பழைய செட்டிநாட்டு வீடுகளில் சார்ஜ் ஏற்றுவதாக இருந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்தால் சார்ஜர் பாதியில் நின்றுவிடும். குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். 16 ஆம்பியர் பிளக்குக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுங்கள். பழைய மெல்லிய வயரில் ஐந்து மணி நேரம் ஏற்றினால் சாக்கெட் உருகலாம்.