ஒன்பது வருடம் டீசல் சுமந்த ஃபைபர் டாங்க்

படகை நானே கட்டியபோது டீசல் டாங்கையும் ஃபைபர்கிளாஸிலேயே செய்துவிட்டேன். இரண்டு டாங்க், ஒவ்வொன்றும் 120 லிட்டர். ஒன்பது வருடமாகிறது, சுவர் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் நானாக அதில் போட்ட ஓட்டைகள்தான்.

அலுமினியம் ஏன் வேண்டாம் என்றால், ஈரம் தேங்கும் இடத்தில் அது வெளிப்பக்கமிருந்தே குழி விழுந்து அரிக்கும், நமக்குத் தெரியவும் தெரியாது. ரெடிமேட் பிளாஸ்டிக் டாங்க் நல்லதுதான், ஆனால் அடிப்பக்க வளைவுக்குள் உட்காராமல் பாதி இடம் வீண். ஃபைபரில் மூலைமுடுக்குவரை அளவெடுத்துச் செய்யலாம்.

கண்ணாடி இழையைச் சேர்த்துப் பிடிக்கும் பசையாக எபாக்ஸி ரெசின் போட்டேன். உள்ளே இரண்டு தடுப்புச் சுவர். டீசல் அலம்பாமல் இருக்கத்தான் அவை என்று நினைத்திருந்தேன், சோதனை போட்ட அன்றுதான் சுவர் உப்பாமல் பிடித்துக்கொள்ளும் இன்னொரு வேலையும் புரிந்தது. டாங்கில் தண்ணீர் நிரப்பி, மேலே 2 மீட்டர் உயரத்துக்கு ஹோஸைத் தூக்கிக் கட்டினேன். அது சுமார் 0.2 பார் அழுத்தம்தான், கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் அரை சதுர மீட்டர் சுவர்மேல் கிட்டத்தட்ட ஒரு டன். தடுப்பு ஒட்டிய இடம் அசையவில்லை, இடைப்பட்ட பகுதி லேசாகத் தொப்பை போட்டது. காற்றடித்துச் சோதிக்க நினைக்காதீர்கள், உடைந்தால் வெடிதான்.

அப்புறம் என் முட்டாள்தனம். மூடிக்கு சிலிகான் சீலண்ட் தடவினேன். இரண்டாம் வருடம் படுக்கும் இடத்தில் டீசல் வாடை. திறந்து பார்த்தால் சிலிகான் ஊறி உப்பி, நகம் பட்டதும் நாடா நாடாவாகக் கையோடு வந்தது. டீசல் தாங்கும் நைட்ரைல் ரப்பர் கேஸ்கெட் மாற்றியபின் அந்தப் பேச்சே இல்லை. அடியில் வைத்த வடிகால் வால்வும் அப்படித்தான், இன்ஜின் அதிர்வில் கசிய ஆரம்பித்து, கடைசியில் அடைத்து மேலே ஃபைபர் போட்டேன். இணைப்பு எல்லாம் மேல்பக்கமே இருக்கட்டும்.

யோசிக்காமலே நல்லதாக அமைந்தது ஒன்று: பெயிண்ட் அடிக்காமல் விட்டது. பின்னால் டார்ச் பிடித்தால் டீசல் மட்டம் கறுப்புக் கோடாகத் தெரியும். பென்சிலால் 20 லிட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன், மீட்டரைவிட அதைத்தான் நம்புகிறேன்.

பெட்ரோல் படகுக்கு இதைச் செய்யலாமா என்றால், நான் செய்ய மாட்டேன். பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அமெரிக்காவில் 2000-களின் நடுவில் 10 சதவீதக் கலப்பு பரவியபோது, பழைய படகுகளில் பாலியெஸ்டர் ரெசின் போட்டுச் செய்த ஃபைபர் டாங்க்குகளில் அந்த ரெசின் கரைந்து இன்ஜின் வால்வில் போய் ஒட்டியது.

ஒரே குறை, நடு அறைக்கு மூடி வைக்கவில்லை. அடியில் கசடு படிந்திருக்கிறது, கை எட்டாது. அடுத்த முறை கரையேற்றும்போது வெட்ட வேண்டும், தூள் உள்ளே விழாமல் எப்படி வெட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.