மாலத்தீவு டைவிங் போட்: கேபின் போட்டோவை அப்புறம் பாருங்க, வெளிய வர்ற வழியை முதல்ல கேளுங்க

பிப்ரவரில நானும் வீட்லயும் காரைக்குடில இருந்து கிளம்பி மாலத்தீவுல ஏழு நாள் போட்லயே தங்கி டைவ் பண்ணிட்டு வந்தோம், எந்த மாதிரி போட் எடுக்கணும்னு நம்ம பக்கத்துல மூணு பேர் கேட்டுட்டாங்க, அதான் எல்லாருக்கும் சேர்த்து எழுதறேன். இந்த போட்டுக்கு அஞ்சுக்கு நாலரை தாராளமா குடுப்பேன்.

எங்க ஐயா வீடு தெரிஞ்சவங்களுக்குப் புரியும், முகப்புல நுழைஞ்சா வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி பின்வாசல் அடுத்த தெருவுல போய்த் திறக்கும். முன்னாடி ஏதாச்சும் ஆனா பின்னாடி ஓடிடலாம். போட்லயும் நான் முதல்ல பாக்கறது அதைத்தான். 2019 செப்டம்பர் 2ல கலிபோர்னியா பக்கம் கான்செப்ஷன்ங்கற டைவிங் போட் ராத்திரில தீப்பிடிச்சு கீழ்த்தட்டுல தூங்கிட்டிருந்த 34 பேர் செத்துப்போனாங்க. கீழ இருந்து வெளிய வர ரெண்டு வழி இருந்துச்சு, ஆனா ரெண்டும் மேல ஒரே ரூம்லதான் போய் முடியும், அந்த ரூம்லதான் தீ. சுத்தி வந்து பாக்க ராத்திரி காவலுக்கு ஆளும் இல்ல. இதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல.

மூணு வருஷம் முன்னாடி நாங்க போன வேற ஒரு போட்ல அவசர வழின்னு கட்டிலுக்கு மேல ஒரு மூடி இருந்துச்சு, தள்ளிப் பாத்தேன், அசையல, மேல போய்ப் பாத்தா அது மேலயே டைவுக்கான காத்து டேங்க் பெட்டியை அடுக்கி வச்சிருந்தாங்க. சொன்னதும் நகத்தினாங்க, மறுநாள் திரும்ப அங்கயே இருந்துச்சு. அந்த ஏழு நாளும் நான் ஒழுங்கா தூங்கல.

இந்த தடவை புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டேன், கீழ்த்தட்டுல இருந்து ரெண்டு வழியும் வேற வேற இடத்துல வெளிய வருதா, ராத்திரி முழுக்க ஒருத்தர் முழிச்சிருப்பாரா, சார்ஜ் போடறப்ப தீப்பிடிக்கலாம்ங்கறதால கேமரா டார்ச் பேட்டரியெல்லாம் எங்க சார்ஜ் போடணும்னு. மூணுக்கும் நேரா பதில் வந்துச்சு. சார்ஜ் திறந்த பின்தட்டுல மட்டும், அதுவும் பகல்ல மட்டும். மூணாவது ராத்திரி ரெண்டரை மணிக்கு தண்ணி குடிக்க எந்திரிச்சேன், ஒரு பையன் டார்ச்சோட படில இறங்கி ஒவ்வொரு கதவா பாத்துட்டு நோட்ல டைம் எழுதிட்டுப் போறான். அப்படியே போய்ப் படுத்து நிம்மதியா தூங்கினேன்.

டைவிங்கும் அருமை. பெரிய போட் ரீஃப், அதாவது பவளப்பாறை கிட்ட வராது, டைவுக்குன்னு தனியா ஒரு படகு கூடவே வரும், டோனின்னு சொல்றாங்க, நம்ம தோணியேதான், காத்து நிரப்பற கம்ப்ரசரும் டேங்கும் அதுலயே இருக்கறதால கேபின்ல சத்தம் குறைவு. தினம் மூணு டைவ், சில நாள் ராத்திரி டைவும் உண்டு, வாவுங்கற தீவுக் கூட்டத்துல அலிமத்தா பக்கம் நர்ஸ் ஷார்க் காலை உரசிட்டுப் போச்சு. நைட்ராக்ஸ் 32, அதாவது 32 சதவீதம் ஆக்சிஜன் இருக்கற காத்து எடுத்துக்கிட்டேன், டேங்க்ல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு நம்மளையே அனலைசர் வச்சுப் பாத்து கையெழுத்துப் போடச் சொல்லிட்டாங்க, நல்ல பழக்கம்.

ஒண்ணு சொல்லணும், அங்க கண்டுன்னு சொல்ற கால்வாய்கள்ல நீரோட்டம் பயங்கரமா இழுக்கும். வீட்ல அப்ப 18 டைவ்தான் முடிச்சிருந்தாங்க, கைடு அவங்களை அங்க இறக்காம அமைதியான ரீஃபுக்குத் தனியா கூட்டிட்டுப் போனாரு. புதுசா பழகினவங்க இதை முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க, எல்லாரையும் ஒரே குரூப்பா தள்ளிவிடற போட் வேணாம்.

டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் கடல் அமைதியா இருக்கும். ஆனா மாண்டாங்கற பெரிய திருக்கை மீன் கூட்டம் பாக்கணும், அதுக்குப் பேர்போன ஹனிஃபாரு விரிகுடா போகணும்னா அங்க மழைக்காலமான தென்மேற்குப் பருவத்துல போங்க, அங்க டேங்க் போட விடமாட்டாங்க, மூச்சுக்குழாய் வச்சு மேலாக நீந்தற ஸ்நார்க்கல் மட்டும்தான்.

அரை மார்க் ஏன் குறைச்சேன்னா, டீசலுக்கான கூடுதல் கட்டணத்தை (சர்சார்ஜ்) கடைசி நாள் பில்லுலதான் காட்டினாங்க, முன்னாடியே எழுதி வாங்கிக்கங்க. சாப்பாட்டுக்குக் குறையில்ல, தேங்காயும் சூரை மீனும் போட்டு காலைல தர்ற மாஸ் ஹுனியை சப்பாத்தியோட வீட்ல இப்பவும் கேக்கறாங்க. கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல 24 மணி நேரம் விடுங்க, டைவ் முடிச்ச உடனே பறந்தா உடம்புக்கு ஆபத்து, நாங்க அந்த நாளை ஏர்போர்ட் பக்கத்துல இருக்கற ஹுல்ஹுமாலே தீவுல கழிச்சோம்.