டிஸ்க்கா, டவுன்லோடா? கேம் வாங்கும் முன் ஒரு கணக்கு

2021 பிப்ரவரியில் சோனியின் கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் டிரைவ் உள்ளது 49,990 ரூபாய், டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷன் 39,990. பத்தாயிரம் மிச்சம்தானே என்று டிஜிட்டல் பக்கம் போகும் முன், நீங்கள் என்ன மாதிரி கேம் ஆடுகிறவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கதையுள்ள கேம் ஒன்றைப் புதிதாக 4,999 ரூபாய்க்கு வாங்கி ஒரு மாதத்தில் முடிக்கிறீர்கள். டிஸ்க் என்றால் சூட்டோடு சூடாக விற்றுவிடலாம். 3,500 கிடைத்தது என்று வைத்துக்கொண்டால் கைவிட்டுப் போனது 1,499 ரூபாய்தான். இப்படி மூன்று கேம் விற்றாலே அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடும். தள்ளிப்போட்டால் விலை இறங்கும். கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் தேடுவார், அதற்கும் கொஞ்சம் குறைப்பார். டிஜிட்டலில் இந்தப் பேரத்துக்கே இடமில்லை. கேம் உங்கள் அக்கவுன்ட்டோடு ஒட்டிக்கொண்டது; விற்க முடியாது, நண்பனிடம் பெட்டியோடு தூக்கிக் கொடுக்கவும் முடியாது.

தினமும் ராத்திரி நண்பர்களோடு ஃபுட்பால் ஆடுகிறவருக்குக் கதையே வேறு. கேம் முழுக்க உள்ளே இன்ஸ்டால் ஆகியிருந்தாலும் டிஸ்க் போட்டால்தான் ஓடும். ஒவ்வொரு முறையும் எழுந்து போய் மாற்ற வேண்டும். விற்கப்போவதில்லை என்று தெரிந்த கேமுக்கு இந்தத் தொல்லை எதற்கு? ஆஃபர் வரும்வரை பொறுத்து டிஜிட்டலில் வாங்கிவிடலாம்.

டிஸ்க் இருந்தால் காலத்துக்கும் நம்முடையது என்பார்கள். பாதிதான் உண்மை. 2024 மார்ச் 31-இல் யுபிசாஃப்ட் நிறுவனம், சர்வர் இல்லாமல் ஓடாத 'தி க்ரூ' கேமின் சர்வரை மூடியது; டிஸ்க் வைத்திருந்தவர், டவுன்லோடு செய்தவர் இருவருக்கும் ஒரே கதி. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு வரும் கேம்-கீ கார்டு இன்னும் விசேஷம்: கார்டுக்குள் கேமே கிடையாது, செருகிவிட்டு டவுன்லோடு செய்ய வேண்டும். என்ன, மறுபடி விற்க மட்டும் முடியும். டிஜிட்டல் கடைகளும் நிரந்தரமில்லை. நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ இரண்டுக்கும் இருந்த ஆன்லைன் கடையில் 2023 மார்ச்சோடு விற்பனை நின்றது. அவற்றின் பழைய கேட்ரிட்ஜும் டிஸ்க்கும் இன்றும் கைமாறுகின்றன.

கம்ப்யூட்டரில் ஆடுகிறவருக்குத் தேர்வு என்று பெரிதாக ஒன்றுமில்லை, டவுன்லோடுதான். அதில் ஒரு வசதி உண்டு: ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிரித்த டிஸ்க்கை எந்தக் கடையில் அப்படி வாங்குவார்கள்? ஆனால் அங்கே நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் ஜிஓஜி தளத்தைப் பாருங்கள்; அங்கே இன்ஸ்டாலர் ஃபைலையே இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்குவதானால் எந்த நாட்டுப் பதிப்பு என்று கேளுங்கள். அமெரிக்க டிஸ்க் இங்கேயும் ஓடும். ஆனால் இந்திய அக்கவுன்ட்டில் வாங்கும் கூடுதல் பாகங்கள் பல நேரம் அதோடு சேராது. பெட்டிக்குள் இருக்கும் போனஸ் குறியீட்டை முதல் ஆள் ஏற்கெனவே பயன்படுத்தியிருப்பார், அதற்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.