ரெஸ்யூமே சரிபார்க்கும் சேவை: மதிப்பெண்ணை விடுங்கள், முன்னோட்டத்தைப் பாருங்கள்

மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைக் கவனிக்க ஒன்றரை ஆண்டு வீட்டில் இருந்தேன். மறுபடி வேலை தேடத் தொடங்கியபோது, அனுப்பிய விண்ணப்பங்கள் கிணற்றில் போட்ட கல்லாகவே கிடந்தன. விண்ணப்பங்களைச் சலித்து ஆட்களைத் தேர்வு செய்ய நிறுவனங்கள் வைத்திருக்கும் மென்பொருளைத் தாண்ட உதவுவதாகச் சொல்லும் ஓர் இணையச் சேவைக்கு அப்போதுதான் சந்தா கட்டினேன். மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

ரெஸ்யூமேயை ஏற்றி, வேலை விளம்பரத்தைப் பக்கத்தில் ஒட்டினால் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தருகிறது. எனக்கு முதலில் கிடைத்தது 54. அதைவிட முக்கியமான ஒன்று மூலையில் சிறிய பொத்தானாக இருக்கிறது: மென்பொருள் நம் தாளை எப்படி வாசிக்கிறது என்று காட்டும் முன்னோட்டம். அதைத் திறந்து பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. என் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அதில் இல்லவே இல்லை. பக்கத்தின் தலைப்பகுதியில், ஹெடரில், அவற்றை வைத்திருந்தேன். சில மென்பொருள்கள் அந்தப் பகுதியைப் படிப்பதில்லை. இடமும் வலமுமாக இரண்டு பத்திகளாக அழகாக அமைத்திருந்த தாளை அது குறுக்காக வாசித்து, இடப்பக்கத் திறன்களையும் வலப்பக்கப் பணி விவரங்களையும் ஒரே வரியில் கலந்துவிட்டிருந்தது. திறமையின் அளவைக் காட்ட நான் போட்டிருந்த ஐந்து புள்ளிகள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. என்னை யாரும் நிராகரிக்கவில்லை, படிக்கவே முடியவில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

ஒரே பத்தி, வழக்கமான தலைப்புகள், மாதமும் ஆண்டும் சேர்ந்த தேதிகள், படமோ பெட்டியோ இல்லாத தாள். இரண்டு மணி நேரத்தில் மாற்றிவிட்டேன். கருவியின் பெயரை எச்.பி.எல்.சி. என்று சுருக்கமாக மட்டும் எழுதியிருந்ததை, ஹை பெர்ஃபார்மன்ஸ் லிக்விட் குரோமட்டோகிராபி என்று விரித்தும் எழுதினேன். தேடுபவர் இரண்டில் எதைத் தட்டினாலும் என் தாள் கண்ணில் பட வேண்டும் அல்லவா? இந்த அளவுக்கு இந்தச் சேவைக்கு நான் மனமார நன்றி சொல்வேன்.

மதிப்பெண் விஷயத்தில் எனக்குக் கடும் கோபம். விளம்பரத்தில் உள்ள சொற்களைச் சேர்க்கச் சேர்க்க அது ஏறுகிறது. சோதித்துப் பார்க்க ஒரே சொல்லை ஆறு இடங்களில் போட்டேன், 91 ஆனது. அதே கோப்புக்கு வேறொரு சேவை 63 கொடுத்தது. இரண்டுமே வேலை தரும் நிறுவனத்தின் கணக்கு அல்ல. அந்த நிறுவனம் எந்த மென்பொருளை வைத்திருக்கிறது, அதில் எந்த வடிகட்டியைப் போட்டிருக்கிறது என்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்?

"மெருகூட்டு" என்ற பொத்தான் அதைவிட மோசம். நான் இரண்டு பயிற்சியாளர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தேன் என்ற வரியை, பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை வழிநடத்தியதாக மாற்றி எழுதிக் கொடுத்தது. செய்யாத சோதனையைப் பதிவேட்டில் எழுதக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தின் முதல் பாடம். என் பெயர் போட்ட தாளில் மட்டும் அதை எப்படி அனுமதிப்பேன்?

பணி இடைவெளிக்கு இந்தச் சேவை சொன்ன வழி, மாதங்களை நீக்கிவிட்டு ஆண்டுகளை மட்டும் போடுவது. ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலே ஒதுக்கிவிடும் வடிகட்டிகளைப் பல நிறுவனங்கள் வைத்திருப்பதாக 2021இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்சென்சரும் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆகவே பயம் நியாயமானதுதான். ஆனாலும் மாதங்களோடு, "குடும்பத்தில் நோயாளியின் முழுநேரப் பராமரிப்பு" என்று ஒரு வரி எழுதி வைத்தேன். அம்மாவோடு இருந்த நாட்களை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சேவை தொடாத இடம் ஒன்று உண்டு. விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படும் ஆம், இல்லைக் கேள்விகள். ஓர் இடத்தில் கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஆய்வகத்தில் பணியாற்றினீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று பதிலளித்தேன். சில நிமிடங்களில் வருத்தக் கடிதம் வந்துவிட்டது. அங்கே ரெஸ்யூமே எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

வாங்கலாமா என்று கேட்டால், ஒரு மாதச் சந்தா போதும் என்பேன். அதுவும் கட்ட முடியாதவர்கள் தங்கள் தாளில் உள்ள அனைத்தையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் குழம்பினாலோ எழுத்துகள் காணாமல் போனாலோ அங்கேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் நகலெடுக்கவே எழுத்து இருக்காது. பின்னணியோடு கலக்கும்படி வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைக்கும் தந்திரமும் அந்த நோட்பேடில் அப்பட்டமாகத் தெரியும். தேர்வாளரின் திரையிலும் அப்படியே தெரியக்கூடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

போன வாரம் ஒரு நேர்காணலுக்குப் போனேன். அதிகாரியின் மேசையில் இருந்தது நான் வடிவமைத்த தாள் அல்ல, மென்பொருள் பிரித்தெடுத்து அச்சிட்ட வெறும் எழுத்துகள். பராமரிப்பு வரியில் விரலை வைத்து, "அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டுவிட்டுத்தான் கருவிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.