இடக்காது, வலக்காது: சீன அகராதியில் தலைமை உறுப்பு வழியே தேடும் அனுபவம்

கைபேசித் திரையில் விரலால் எழுதினாலே சீன எழுத்தின் பொருள் கிடைத்துவிடும் இக்காலத்திலும், பல ஆண்டுகளாக நான் அச்சு அகராதியின் புஷோ அட்டவணையையே முதலில் புரட்டி வருகிறேன். புஷோ என்பது, ஓர் எழுத்து எந்தக் குடும்பத்தின்கீழ் அடுக்கப்படும் என்பதை முடிவுசெய்யும் தலைமை உறுப்பு. கி.பி. 100 அளவில் ஷு ஷென் தொகுத்த அகராதியில் 540 ஆக இருந்த இவ்வுறுப்புகள், 1615இல் மெய் யிங்ஸுவோவின் அகராதியில் 214 ஆகச் சுருங்கின. 1716இல் வெளிவந்த காங்ஷி அகராதி அதையே நிலைநிறுத்தியது.

இம்முறையின் அருமையை எனக்கு நன்கு உணர்த்தியது, காது மடல்போல் வளைந்த ஓர் உறுப்பு. எழுத்தின் இடப்பக்கம் வந்தால் அது மேட்டைக் குறிக்கும் உறுப்பின் சுருக்கம். வலப்பக்கம் வந்தால் ஊரைக் குறிக்கும் உறுப்பின் சுருக்கம். வடிவம் ஒன்றே, குடும்பங்கள் இரண்டு. இடக்காதின்கீழ் செங்குத்து, படிக்கட்டு, குன்று ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. யின், யாங் என்னும் இணையும் அங்கேதான் இருக்கிறது, ஏனெனில் அவை முதலில் மலையின் நிழல் சரிவையும் வெயில் சரிவையும் குறித்தவை. வலக்காதின்கீழ் தலைநகர், புறநகர், ஜெங், டெங், குவோ போன்ற குடும்பப் பெயர்கள் எனக் குடியிருப்பின் மணம் வீசுகிறது. ஹான்டான் நகரப் பெயரின் இரண்டு எழுத்துகளிலும் இவ்வுறுப்பு உண்டு. ஒரு சொல்லைத் தேடிச் சென்று அதன் உறவினரையெல்லாம் கண்டு திரும்பும் இந்தப் பயனைக் கைபேசித் தேடல் தருவதில்லை.

குறைகளும் உண்டு. அட்டவணையில் உறுப்புகள் கோட்டெண்ணிக்கைப்படி, அதாவது எழுதத் தேவையான கோடுகளின் எண்ணிக்கைப்படி, அடுக்கப்படுகின்றன. காங்ஷி வரிசையில் இவ்வுறுப்புகள் சுருங்காத முழு வடிவின் கோட்டெண்ணிக்கையில் இடம்பெறுவதால், மேட்டுறுப்பை எட்டுக் கோடுகளிலும் ஊருறுப்பை ஏழு கோடுகளிலும் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வடிவமோ மிகச் சிறியது. 1953இல் முதலில் வெளிவந்த ஷின்ஹுவா அகராதியின் இன்றைய பதிப்புகள் இரண்டையும் இரண்டு கோடுகளின்கீழ் வைத்து, இடம், வலம் என்று குறித்துவிடுவது தொடக்க நிலையினருக்குப் பேருதவி. 'கேள்வி கேட்டல்' என்னும் எழுத்து, வெளியே வாசலுறுப்பு சூழ்ந்திருந்தும், காங்ஷியில் உள்ளிருக்கும் வாயுறுப்பின்கீழ்தான் இருக்கிறது. பொருளைத் தாங்கும் உறுப்பு எது என்று கேட்டுக்கொண்டால்தான் அத்தகையவை அகப்படும்.

புதிதாகத் தொடங்குவோர் ஷின்ஹுவாவில் பழகிவிட்டு, பழைய நூல்களை வாசிக்கும் கட்டத்தில் காங்ஷி வரிசைக்குச் செல்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. உறுப்பைக் கண்டபின், அதன்கீழ் எழுத்தைத் தேட, உறுப்பின் கோடுகளை விட்டு எஞ்சியவற்றை மட்டும் எண்ண வேண்டும் என்ற விதி மட்டும் இரண்டிற்கும் பொது.