சோலார் ஹீட்டர்: கரண்ட் மிச்சம்தான், தண்ணீர்?

மொட்டை மாடி சோலார் ஹீட்டரில், வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடி டியூப் ஒன்றை மாற்றியதைச் சொன்னதும் நண்பர் கேட்டார்: "இதை வாங்கலாமா, கீசரே போதுமா?" கோவையில் இதோடு பல வருஷம் குடித்தனம் நடத்துகிறவன் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் வெயில் அடித்திருந்தால், மார்கழி விடியலில்கூடக் குழாயில் கை வைக்க முடியாத சூடு. இரண்டு மாத கரண்ட் ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால், குறைந்த ரேட்டில் இருந்த கீழ்ப்படி யூனிட்டுகள் சிலவற்றின் ரேட்டும் சேர்ந்து ஏறும். கீசர் ஓடிய காலத்தில் குளிர் மாதங்களில் அந்தக் கோட்டைத் தாண்டுவோம், இப்போது தாண்டுவதில்லை.

எரிச்சல் வேறு இடத்தில். தொட்டி மொட்டை மாடியில், அம்மாவின் பாத்ரூம் கீழ்வீட்டில். முக்கால் இஞ்ச் பைப் மீட்டருக்குச் சுமார் 300 மில்லி பிடிக்கும். வளைவெல்லாம் சேர்த்து 20 மீட்டர் ஓடுகிறது. ஆக, 6 லிட்டர் பச்சைத் தண்ணீர் வெளியேறிய பிறகுதான் சூடு எட்டிப் பார்க்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் நாளைக் கணக்குப் பார்த்துக் காத்திருக்கும் ஊரில் அதைச் சாக்கடையில் விட மனசு வருமா? அம்மா அந்த முதல் வாளியை வாசல் தெளிக்க எடுத்து வைத்துவிடுவார். சரி, அடுத்தவர் ஒரு மணி நேரம் கழித்துப் போனால்? மறுபடி வாளி. பைப்புக்குக் கறுப்பு ஃபோம் உறை மாட்டினேன். உடனே அடுத்துக் குளிப்பவர் தப்பித்தார், விடியலில் முதல் ஆளுக்கு அதே கதைதான்.

அப்புறம் போர் தண்ணீர். சர்வீஸ்காரத் தம்பி டியூபை உருவிக் கவிழ்த்ததும் சுண்ணாம்புச் சேறு வெள்ளையாகக் கொட்டியது. ரப்பர் வளையத்தைச் சுற்றி உப்பு பூத்து, அந்த வழியாகத்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. "இதுக்கு நல்ல தண்ணி விடோணுங்க சார்" என்றார். விற்ற கடையில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஐப்பசி அடைமழையில், வெயில் இல்லாத நாளுக்கென்று தொட்டிக்குள் இருக்கும் கரண்ட் காயிலைப் போட்டால், ஒருவர் குளிக்கத் தொட்டியின் 200 லிட்டரும் காய வேண்டும். 15 லிட்டர் கீசரோ, பாத்ரூமுக்குள்ளேயே 35 டிகிரி ஏற்றிக் கொடுக்க முக்கால் யூனிட்கூடத் தின்னாது.

ஆகவே நண்பரே, பாத்ரூம் தொட்டிக்கு நேர் கீழே இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கீழ்வீடு, அதுவும் போர் தண்ணீர் என்றால் வேண்டவே வேண்டாம். அப்படியானால் என்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறேனா என்று மட்டும் கேட்காதீர்கள். மார்கழி வருகிறது, தரமாட்டேன்.